மாதக் கடைசியில் வரும் பண்டிகை

கிறிஸ்துமஸுக்கு நாள் குறித்தவர்கள் நான்காம் நூற்றாண்டு ரோமாபுரிக்காரர்கள். சம்பளம் முப்பதாம் தேதிதான் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு டிசம்பரிலும் இருபதாம் தேதிக்கு மேல், கை காய்ந்து கிடக்கும் அந்த ஐந்து நாளில்தான் துணிக்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் அலைகிறோம். தனியார் கம்பெனிகள் போனஸைத் தீபாவளிக்கே கொடுத்துவிடுகின்றன. அது நவம்பர் பாதிக்குள் வாடகை, பழைய கடன் என்று கரைந்துவிடும். அரசு ஊழியர்களுக்கு போனஸ் பொங்கலுக்கு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பண்டிகை இது. ஜனவரி பிறந்தால் எங்களைப் போன்ற ஐடி ஆட்களுக்கு வருமான வரி முதலீட்டு ஆதாரங்களைக் கேட்டு மெயில் வரும். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு மார்ச் வரை சம்பளத்தில் பெரிய வெட்டு விழும்.

இந்த நெருக்கடிக்கு ஆலோசனை சொல்ல டிசம்பரில் ஒரு படையே கிளம்பும். பட்டியல் போடுங்கள், பட்ஜெட்டைத் தாண்டாதீர்கள், ஜனவரியிலிருந்தே மாதம் இவ்வளவு என்று ஒதுக்குங்கள், மன அழுத்தம் வந்தால் மூச்சை நன்றாக இழுத்து மெதுவாக விடுங்கள். இழுத்தோம், விட்டோம், துணிக்கடை பில் அப்படியேதான் இருக்கிறது. இந்த ஆலோசனைகளுக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது: இந்தக் குடும்பங்களுக்குக் கணக்குத் தெரியவில்லை, அதனால்தான் செலவு எல்லை மீறுகிறது என்று. எங்கள் ஊர் அம்மாக்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்பவர் அவர்களிடம் ஒரு சீட்டுப் போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

எல்லோருக்கும் கணக்குத் தெரியும். அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அதுதான் நோய். கிறிஸ்துமஸ் நம் குடும்பங்களைக் கடனாளி ஆக்குவது கேக்காலும் ஸ்டாராலும் அல்ல, இந்த ஊமை நாடகத்தால்தான் என்பது என் கட்சி.

முதலில் என் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து மார்த்தாண்டம் பக்கம் போக வேண்டும், நான்கு பேர். ரயிலில் முன்பு 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் முதல் அதை 60 நாளாக்கிவிட்டார்கள். டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும். நான் பிழைப்பதே கணினியில்தான், ஆனாலும் எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு எனக்குக் கிடைப்பது வெயிட்டிங் லிஸ்ட். அப்புறம் ஆம்னி பஸ். சாதாரண நாளில் ஆயிரத்துச் சொச்சம் கேட்கும் இருக்கைக்கு அந்த வாரம் 2,800. நான்கு பேருக்குப் போக மட்டும் 11,200, போய் வர 22,400. துணிமணி, என் அப்பா அம்மா, அவள் அப்பா அம்மா, அண்ணன் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் என்று எவ்வளவு சுருக்கினாலும் 25,000. இறைச்சி, பலகாரச் சாமான், கேக் 9,000. சபைக் காணிக்கை, கேரல் ரவுண்ட்ஸ் கவர், வேலைக்கு வரும் அக்காவுக்குச் சேலை, தபால்காரர், சிலிண்டர் கொண்டுவரும் தம்பி என்று இன்னொரு 7,000. ஆக 63,400. ஆண்கள் கூடும் இடத்தில் நடக்கும் டாஸ்மாக் செலவு இதில் சேராது. அது எந்த வீட்டுக் கணக்கிலும் சேராது.

இரண்டு சம்பளம் வரும் வீட்டிலேயே இது ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. இந்தத் தொகையை நான் முதன்முதலாக எழுத்தில் பார்த்தது இந்தக் கட்டுரைக்காகத்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுத் தொகை என்ன என்று உங்களுக்கும் தெரியாது.

என் நண்பர்களில் சிலருக்கு இதற்கு ஒரு சுலபமான தீர்வு உண்டு. 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், உனக்கு வந்த பரிசுக்கு நீயாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பாய் என்று கேட்டார். பரிசின் விலையில் பத்து சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று கணக்கு வந்தது. எங்கள் அலுவலகத்தில் இந்தக் கட்டுரை டிசம்பர் தோறும் ஒருவர் மாற்றி ஒருவர் வாயில் வரும். பேசாமல் எல்லோருக்கும் ஜிபே பண்ணிவிடலாம் என்பார்கள். வால்ட்ஃபோகலின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் யேல் மாணவனுக்கு அத்தை வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரும், விளவங்கோட்டில் பாட்டிக்கு வாங்கும் சேலையும் ஒன்றல்ல. நம் கிறிஸ்துமஸில் பரிசுப்பொருள் என்ற வழக்கமே அதிகம் இல்லை. நமக்குத் துணிதான். அது ஏன் துணி என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த இன்றைய குமரி மாவட்டத்தில் நாடார் பெண்களும் இன்னும் பல சாதிப் பெண்களும் மேலாடை அணியத் தடை இருந்தது. கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் குப்பாயம் போட ஆரம்பித்தார்கள், சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், மறுபடியும் போட்டார்கள். 1858 கடைசியில் கலவரம் பெரிதாகி, சிற்றாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலை 26-இல்தான் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பத்தியாகப் படித்தது இதுதான். பாட்டியின் பாட்டி அடிவாங்கி உடுத்திய ஊரில், வருடத்துக்கு ஒருமுறை புதுத்துணி உடுத்திக் கோவிலுக்கு நடந்துபோவதைப் பார்த்து ‘நுகர்வு வெறி’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். (எங்கள் பக்கம் சர்ச்சையும் கோவில் என்றுதான் சொல்வோம்.) அந்தத் துணிக்கு நான் எதிரி இல்லை. கடைசிவரை வாங்கித் தருவேன்.

அதனால்தான் ‘எளிய கிறிஸ்துமஸ்’ பிரசங்கத்தின் மீதும் எனக்கு மரியாதை இல்லை. மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவருக்கு ஆடம்பரம் எதற்கு என்று பீடத்திலிருந்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரசங்கம் முடிந்ததும் அறிவிப்பு வாசிப்பார்கள்: கட்டட நிதிக்கு இன்னார் ஐம்பதாயிரம், இன்னார் பத்தாயிரம், இன்னார் குடும்பத்தினர் ஐந்நூறு. ஐந்நூறு கொடுத்த குடும்பம் அந்த நேரத்தில் எங்கே பார்க்கும்? எளிமையைப் பற்றிச் சொன்ன அதே ஒலிபெருக்கிதான் யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்கே சொல்கிறது. எல்லாச் சபையும் இப்படி இல்லை, பெயர் வாசிக்காத சபைகளும் இருக்கின்றன. ஆனால் ஓர் ஏழைக் குடும்பத்திடம் ‘எளிமையாகக் கொண்டாடு’ என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? அவர்கள் வருடத்தில் 364 நாள் எளிமையாகத்தானே இருக்கிறார்கள். எளிமை ஓர் அழகாகத் தெரிவது பீரோவில் துணி மடித்துக் கிடப்பவர்களுக்குத்தான்.

ஆக, செலவு செய்யாதே என்ற பேச்சு எனக்கு வேண்டாம். அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்று குடும்பத்துக்குள் பேசமுடியவில்லையே, அதைப் பார்ப்போம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், எங்கள் துறைக்காரர், நவம்பர் ஆரம்பத்தில் வேலை போய்விட்டது. பெங்களூரில் அறை. வீட்டுக்குச் சொல்லவில்லை. பண்டிகை முடியட்டும், அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும், ஏன் எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். முந்தைய வருடம் என்ன வாங்கினாரோ அதே அளவு இந்த வருடமும் வாங்க வேண்டும், குறைந்தால் சந்தேகம் வரும். அறுபதாயிரம் ரூபாய் கிரெடிட் கார்டில் தேய்த்தார். தவணை தவறினால் கார்டுக்காரர்கள் மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி போடுவார்கள், அறுபதாயிரத்துக்கு மாதம் 2,100, வட்டிக்கு வட்டி தனி. இருபத்தைந்தாம் தேதி மதியம் விருந்து முடிந்து உறவினர்கள் திண்ணையில் உட்கார்ந்து, “இப்போ உனக்கு எவ்வளவு வருது தம்பி?” என்று கேட்டபோது ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார். ஜனவரி பத்தாம் தேதி வாக்கில்தான் அவர் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அந்த அம்மா அழுதது வேலை போனதற்காக அல்ல. மகனை ஊருக்கு வரவழைப்பதற்காக, வீட்டுக்கு வெள்ளையடித்து ஒரு புது மெத்தை வாங்க அவர் தன் வளையலைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்திருந்தார். அதை மகனிடம் சொல்லவில்லை. மகன் சங்கடப்படுவானாம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்துவதற்காகக் கடன் வாங்கி, இரண்டு கடனையும் ஒரே வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள். இதைத் தியாகம் என்று சொல்லி நெகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இதில் நெகிழ ஒன்றுமில்லை. நவம்பரில் ஒரு போன் பேசியிருந்தால் இரண்டு கடனும் இல்லை. அந்த ஒரு போன் ஏன் முடியவில்லை? வெளியூருக்குப் போன பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் என்பது வருடாந்திர அப்ரைசல். அங்கே எங்கள் மேனேஜர் பார்ப்பதை இங்கே பெரியப்பாவும் சித்தியும் எதிர்வீட்டு மாமியும் பார்க்கிறார்கள். கொண்டுவந்த பை எத்தனை, பிள்ளையின் செருப்பு என்ன பிராண்ட், வந்தது பஸ்ஸிலா விமானத்திலா. ரேட்டிங் போட்டுவிடுவார்கள். ஆபீஸ் அப்ரைசலிலாவது நமக்கும் ஒரு பத்தி எழுத இடம் கொடுப்பார்கள்.

பணத்தைவிடக் கணக்கில் வராத இன்னொன்று உழைப்பு. யாருடைய உழைப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் பத்தாம் தேதியிலிருந்து பார்க்கலாம். ஒட்டடை அடிப்பது, திரைச்சீலை துவைப்பது, பச்சரிசி ஊறவைத்து உலர்த்தி மில்லுக்கு எடுத்துப்போய் வரிசையில் நிற்பது. முறுக்கு, அச்சு முறுக்கு, அப்புறம் முந்திரிக்கொத்து. முந்திரிக்கொத்து சாப்பிட்டவர்களுக்கு அது ஒரு இனிப்பு, செய்தவர்களுக்கு அது ஒரு நாள். சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காய் வறுத்துச் சேர்த்து, பாகு காய்ச்சிப் பதம் தப்பாமல் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கை பொறுக்க உருட்டி, மாவில் முக்கி மூன்று மூன்றாக எண்ணெயில் விட வேண்டும். ஆறிவிட்டால் உருண்டை பிடிக்காது. இருபத்துநான்காம் தேதி ராத்திரி ஒரு மணிக்குக் கேரல் பார்ட்டி வரும், இருபது பேருக்குக் கட்டன்காப்பி. விடிகாலை ஆராதனை. அதற்குள் ஆப்பமாவு கலக்கி, இறைச்சி வேகப் போட்டுவிட்டு, தலைகுளித்து, புதுச்சேலை கட்டி, பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பிக் கோவிலில் போய் உட்கார்ந்தால் பிரசங்கத்தில் கண் சொக்கும். சொக்கினால் அதற்கும் பேச்சு. திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்துக்குத் தட்டு போக வேண்டும். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்து அதிரசம் வந்தது, பெருநாளைக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, எந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்பதும் அம்மாவின் மண்டைக்குள்தான் இருக்கிறது. அப்புறம் மதியச் சாப்பாடு. அப்புறம் பாத்திரம்.

இதே நாட்களில் ஆண்கள் என்ன செய்கிறோம்? ஸ்டார் கட்டுகிறோம். அதற்கு மூன்று பேர் வேண்டும்: கட்ட ஒருவர், ஏணியைப் பிடிக்க ஒருவர், கீழே நின்று இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்ல ஒருவர். குடில் போட்டால் இரண்டு நாள் அதைப் பற்றியே பேசுவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் போட்டோக்களை எடுத்து, காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் எடுத்தவற்றில் அம்மாவைத் தேடுங்கள். எங்கள் வீட்டுப் போட்டோ ஒன்றில் கதவு இடுக்கில் ஒரு கையும் கரண்டியும் மட்டும் தெரிகிறது.

வேலைக்குப் போகும் மருமகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் கிளையன்ட் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடுவான். அவன் நிம்மதியாக விடுமுறை எடுக்க, இங்கே யாராவது ஆன்-காலில் இருக்க வேண்டும். என் மனைவி ஒரு வருடம் மாமியார் வீட்டு அடுப்படியில் லேப்டாப்பை அரிசிப் பானை மேல் வைத்துக்கொண்டு சர்வரைப் பார்த்தாள். அதுபோக, எந்த வீட்டில் கிறிஸ்துமஸ் என்ற பஞ்சாயத்து. எனக்குக் குமரி, அவளுக்கு ஏரல் பக்கம். அவளுடைய அம்மா எதையும் கேட்க மாட்டார். “உங்களுக்கு எது சௌகரியமோ அப்படி வாங்க” என்பார். தமிழில் இதைவிடக் கனமான வாக்கியம் கிடையாது.

இப்படி எல்லாவற்றையும் மூடி மூடி வைக்கும் வழக்கம் மாறவே மாறாது என்று நினைப்பவர்களுக்கு 2023 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. என் மாமனார் வீட்டில் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்கி, சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். ஆடும் வாழையும் போனவர்கள் அந்தத் தெருவில் பலர். வெள்ளத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை, அதைப் புகழ்கிறவன் மனுசனே இல்லை. ஆனால் அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று நான் கண்டதைச் சொல்ல வேண்டும். பழைய துணியில் ஆராதனைக்கு வந்தார்கள், யாரும் யாரையும் மேலும் கீழும் பார்க்கவில்லை. எங்க வீட்ல இந்தத் தடவ ஒன்னும் இல்ல என்று சொல்வதற்கு யாருக்கும் கூச்சம் இல்லை. எல்லா வீட்டு இழப்பும் தெருவில் காயப்போட்ட மெத்தைகளாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, ஒளிக்க ஒன்றும் இல்லை. ஓர் அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள், ஆண்கள்தான் காய்ச்சினார்கள். என் மாமியார் கோவிலிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பண்டிகை நாளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம், 2024-இல், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

‘நல்ல நாள் அதுவுமா பணத்தைப் பற்றிப் பேசலாமா, அது நம் பண்பாடா?’ என்று கேட்பார்கள். இதைக் கேட்பது யார்? கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு, பேனாவும் நோட்டும் வைத்து, மொய் எழுதுகிற ஊர்க்காரர்கள். சில ஊர்களில் மைக்கிலேயே வாசிக்கிறோம். இருபது வருடம் கழித்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்துப் பதில்மொய் செய்கிறோம். பணம் பேசக் கூச்சப்படும் சமூகமா நாம்? ஊரோடு பேசுகிறோம், சபையோடு பேசுகிறோம், சொந்த மகனோடு மட்டும் பேச மாட்டோம்.

பேச வேண்டிய மாதம் அக்டோபர். ரயில் டிக்கெட் திறக்கும் அன்றைக்கே குடும்ப வாட்ஸப் குழுவில் தொகையைப் போடலாம்: என்னால் இந்த வருடம் இவ்வளவு முடியும், உங்களால் எவ்வளவு? குறைவாகச் சொல்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி. துணி எல்லோருக்கும் உண்டு, ஆளுக்கு ஒன்று, ஆயிரமோ எண்ணூறோ எல்லோருக்கும் ஒரே விலை. முறுக்கு பிழிவதற்கு உரலை அழுத்த வலுவான கை வேண்டும், அது ஆண்களுக்கு உண்டு. முந்திரிக்கொத்து சாப்பிட ஆசைப்படுகிறவர் உருட்ட வரலாம், இல்லையென்றால் கடையில் வாங்கலாம், அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே, கேட்காமல் இருப்பவரின் முறையும் தானாக வரும். சபையில் பொருளாளராகவோ கமிட்டியிலோ இருப்பவர்கள் டிசம்பர் மாதம் மட்டுமாவது காணிக்கைப் பட்டியலை வாசிக்காமல் விடலாம். ரசீது கொடுத்தால் போதும்.

நான் இந்த அக்டோபரில் எங்கள் குழுவில் போட்டேன். முழுக் கணக்கும், 63,400-ம், இந்த வருடம் என்னால் முடிவது நாற்பதாயிரம் என்பதும். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா போன் செய்து, “மக்களே, எனக்குச் சேலை வேண்டாம், பீரோ நிறையக் கெடக்கு, அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத” என்றாள். சேலை உண்டு, எண்ணூறு ரூபாயில், அப்பாவிடமும் சொல்லத்தான் போகிறேன் என்றேன். மைனி தன்னால் இந்தத் தடவை பலகாரம் போட முடியாது, முதுகுவலி இரண்டு வருடமாக இருக்கிறது என்று குழுவிலேயே எழுதினார். இரண்டு வருடமாக இருக்கிறது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணன் இன்னும் தொகை எதுவும் போடவில்லை. ப்ளூ டிக் விழுந்து பதினோரு நாள் ஆகிறது.